அளவுக்கல் நடுவதற்கு முன்: சாலைத் திட்டமும் நிலக்காரரின் பாத்தியதையும்

சாலை வேண்டாம் என்று சொல்லும் கிராமத்தைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. மழைக்காலத்தில் கர்ப்பிணிப் பெண்ணைக் கட்டிலில் கிடத்தி வரப்பின்மேல் சுமந்து சென்ற ஊரும், வெட்டிய கரும்பை ஆலைக்கு அனுப்ப வழியில்லாமல் வயலிலேயே காயவிட்ட ஊரும், ஒரு தார்ச்சாலைக்காக வருஷக்கணக்கில் மனுக் கொடுத்துக் காத்திருந்தவைதாம். ஆயினும், அவ்வாறு காத்திருந்த அதே ஊரில், திட்டம் மஞ்சூராகி, மஞ்சள் வர்ணம் பூசிய கற்களுடன் அளவைக்காரர்கள் வந்து இறங்கியதும் ஒரு கலக்கம் பரவுகிறது. அந்தக் கலக்கத்தைச் சுயநலம் என்று ஒதுக்குவது நியாயம் ஆகாது. சாலையின் பலன் ஊர் முழுவதற்கும், ஊரைக் கடந்து போகிறவர்களுக்கும்கூடப் பரவலாகப் போய்ச் சேர, அதன் பாரமோ கோடு எவருடைய வயலில் விழுகிறதோ அந்தச் சில குடும்பங்களின்மேல் மட்டும் இறங்குகிறது. மதிப்பீட்டுத் தாளில் ஜல்லிக்கும் தாருக்கும் மண்ணடிப்புக்கும் கூலிக்கும் கணக்கு உண்டு. இரண்டாகப் பிளந்த வயலுக்கு இனி இரண்டு முறை ஏர் கட்டிப் போக வேண்டிய சிரமத்துக்கும், சாலைக்கு அப்பால் தங்கிவிட்ட கிணற்றுக்கும், கரையால் மறிக்கப்பட்ட வடிகாலுக்கும், நிலக்காரர் தாமே எடுத்துச் சொன்னால் ஒழிய, அந்தத் தாளில் இடம் கிடைப்பதில்லை.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதிலும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். சாலையின் கோடு நிர்ணயமாகும் வரையில் நிலக்காரரின் வார்த்தைக்கு அந்தக் கோட்டையே அசைக்கும் சக்தி ஓரளவு உண்டு. அது நிர்ணயமான பிறகு அவர் விலையைப் பற்றி மட்டுமே பேச முடியும். பெரும்பாலோர் முதற்கட்டத்தில் மௌனமாக இருந்துவிட்டு இரண்டாம் கட்டத்தில் விழித்துக்கொள்கிறார்கள்.

முதலில், வரவிருப்பது எந்தச் சாலை, அதை எந்தச் சட்டத்தின்கீழ் போடுகிறார்கள் என்பதைத் திட்டமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ரோடு வருகிறதாம்’ என்ற டீக்கடைப் பேச்சை வைத்துக்கொண்டு எதையும் செய்ய இயலாது. ஊராட்சி ஒன்றியமோ பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமோ போடும் சாலை ஒரு வகை. நெடுஞ்சாலைத் துறை 2001ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்கீழ் அகலப்படுத்தும் மாநிலச் சாலையும் மாவட்டச் சாலையும் மற்றொரு வகை. 1956ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்கீழ் வரும் நான்குவழிச் சாலையும் புறவழிச் சாலையும் மூன்றாவது வகை. இவை தவிர, பக்கத்துப் பட்டணத்தின் முழுமைத் திட்டத்திலோ விரிவு அபிவிருத்தித் திட்டத்திலோ வரைபடத்தில் மட்டும் கோடாக இருந்துகொண்டு, ஒருநாள் நிலத்தை விற்கப் போகும்போது எதிரே வந்து நிற்கிற உத்தேசச் சாலையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு முறை வேறு, அவகாசம் வேறு, பணம் கொடுக்கும் வகையும் வேறு.

கிராமச் சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000ஆம் வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும் மலைப் பிரதேசத்தில் 250 பேரும் வசிக்கும் குடியிருப்புகளை இணைப்பதற்கென்று ஏற்பட்டது. அதன் நிதியில் நிலத்தின் விலைக்கென ஒரு பைசாவும் ஒதுக்கப்படுவதில்லை. நிலத்தைச் சித்தம் செய்து கொடுப்பது மாநிலத்தின் பொறுப்பு. இதன் விளைவாக நடைமுறையில் பல ஊர்களில் நிலக்காரரிடம் ‘நாலு அடி விட்டுக் கொடுங்கள்’ என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. மனமுவந்து கொடுப்பதில் குற்றமில்லை. அவ்விதம் கொடுத்தவர்களால்தான் பல ஊர்களுக்குப் பஸ் வந்திருக்கிறது. ஆனால் வாய்மொழியாகக் கொடுப்பது பின்னால் சகோதரர்களுக்கிடையே வழக்கை விளைவிக்கும். கொடுப்பதற்கு முன், புலப்படத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே வண்டிப்பாதைப் புறம்போக்கு இருக்கிறதா, அதை எவராவது வரப்புக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று சர்வேயரைக் கொண்டு அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். புறம்போக்கு மீட்கப்பட்ட பிறகும் இடம் போதவில்லை என்றால், கொடுக்கும் துண்டின் சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் நான்கெல்லையையும் குறித்து, தானப் பத்திரமாகப் பதிவு செய்து, உட்பிரிவும் செய்துகொள்ள வேண்டும். இத்திட்டத்தின் விதிகளின்படி, சாலையின் போக்கை நிர்ணயிக்குமுன் பொறியாளர் ஊராட்சித் தலைவருடனும் கிராமவாசிகளுடனும் அந்த வழி நெடுகிலும் நடந்து பார்க்க வேண்டும். பிறகு அது கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். அந்த நடையில் கலந்துகொள்ளாத நிலக்காரர் தமக்குள்ள மிக எளிய சந்தர்ப்பத்தை இழக்கிறார். கிராம சபை இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. அங்கே சொல்லப்பட்ட ஆட்சேபம் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

இனி, பெரிய சாலைகளுக்கு வருவோம். இவற்றில் நிலக்காரரைக் காப்பது அவரது தஸ்தாவேஜுகள். பட்டா, சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேட்டின் நகல், புலப்படம், மூலப் பத்திரம், முப்பது வருஷத்துக்கேனும் வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது சாலை வந்தாலும் வராவிட்டாலும் நல்லது. பட்டா தாத்தா பெயரிலேயே நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 1980களில் நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பெயர் மாறி விழுந்து, இன்றுவரை திருத்தப்படாமல் கிடக்கும் பட்டாக்களும் பல உண்டு. இத்தகைய குறை இருக்கும்போது நஷ்டஈட்டுப் பணம் நிலக்காரர் கைக்கு வராமல் கோர்ட்டில் கட்டப்படும்; அங்கிருந்து அதை வெளியே எடுப்பதற்குள் பணத்தின் மதிப்பே குறைந்து போகும். பாகப்பிரிவினை வாய்ப்பேச்சாகவே நடந்திருந்தால் அதைப் பத்திரமாக்குங்கள். இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றுங்கள். மணமாகிப் போன சகோதரிகளை இந்தக் கணக்கில் மறந்துவிட வேண்டாம். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சமபங்கு அளிக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989 மார்ச்சிலிருந்தே அமலில் இருக்கிறது, 2005இல் மத்தியச் சட்டமும் அதை ஒட்டித் திருத்தப்பட்டது. அவர்களுக்கு உரியதை முதலிலேயே ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கிய குடும்பங்களில் பணம் விரைவில் வந்து சேருகிறது. மறைத்த குடும்பங்களில் ஒரு தந்தியைப் போல வந்த நோட்டீஸ் பல வருஷ வழக்காக நீள்கிறது. குத்தகைக்கு உழுகிறவர் இருந்தால் அவருக்கும் இதில் பாத்தியதை உண்டு; 2013ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டம் குத்தகைதாரரையும் வாரதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது.

தஸ்தாவேஜு சித்தமானதும், புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றி நடந்து பாருங்கள். புலப்படத்தில் ஒரு கோடு ஓரங்குல நீளத்தில் சாதுவாகக் கிடக்கும். அதே கோடு நிலத்தில் எப்படி இறங்குகிறது என்று காண வேண்டும். பதினைந்து மீட்டர் அகலமுள்ள ஒரு கிராமச் சாலை, நூறு மீட்டர் நீளமுள்ள வயலின் குறுக்கே போகுமானால் அது எடுத்துக்கொள்ளும் இடம் 1,500 சதுர மீட்டர், அதாவது 15 ஏர்ஸ், நம் பழக்கப்படி 37 சென்ட். அதே வயலில் அறுபது மீட்டர் அகலமுள்ள நான்குவழிச் சாலை இறங்கினால் 60 ஏர்ஸ், ஏறத்தாழ ஒரு ஏக்கர் நாற்பத்தெட்டுச் சென்ட் போய்விடும். இரண்டு ஏக்கர்க்காரருக்கு மிஞ்சுவது சாலையின் இரு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொடுக்குகள். அவற்றில் டிராக்டர் திரும்ப இடம் இருக்குமா, மோட்டார் அறை எந்தப் பக்கம் நிற்கும், தண்ணீர்க் குழாய் சாலைக்கு அடியில் போக வழி விடுவார்களா, மாட்டை அப்பால் ஓட்டிப் போக எத்தனை தூரம் சுற்ற வேண்டும் என்பவற்றையெல்லாம் அங்கேயே நின்று ஒரு நோட்டுப் புத்தகத்தில், சர்வே எண்ணும் உட்பிரிவும் இட்டு எழுதிக்கொள்ளுங்கள். தென்னை எத்தனை, அதில் காய்ப்பது எத்தனை, பிள்ளைத் தென்னை எத்தனை, கிணற்றின் ஆழம் என்ன, கட்டு எதுவரை, ஆழ்துளைக் கிணறு எப்போது போட்டது, வேலிக் கல் எத்தனை என்பதும் அதே புத்தகத்தில் இருக்கட்டும். தேதி தெரியும்படி புகைப்படமும் எடுத்துக்கொள்வது நல்லது. பின்னால் கூட்டு அளவைக்கு அதிகாரிகள் வரும்போது, வாயால் சொல்லும் எண்ணிக்கைக்கும் எழுதிப் படம் பிடித்து வைத்த எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு நிலக்காரரும் கண்டுகொள்வார்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், நான் பார்த்த அளவில், சாலையால் கிராமத்துக்கு நேரும் நஷ்டங்களுள் மிகப் பெரியதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. இன்றைய நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் தரைமட்டத்தில் ஓடுவதில்லை. ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் மண்ணைக் கொட்டி எழுப்பிய கரையின்மேல் ஓடுகின்றன. நம் ஏரிப் பாசனமோ மதகிலிருந்து கடைமடை வரையில் வயலுக்கு வயல் தண்ணீர் இறங்கிப் போவதை நம்பி நிற்பது. அந்த இறக்கத்தின் குறுக்கே ஒரு கரை எழுந்தால், மேற்பக்கத்து வயல்களில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும், கீழ்ப்பக்கத்து வயல்களுக்குத் தைமாதம் தண்ணீர் எட்டாது. சிறுபாலங்கள் கட்டுகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் வருவாய்ப் பதிவேட்டில் வாய்க்காலாகப் பதிவானவற்றுக்கே அவை பெரும்பாலும் அமைகின்றன. பட்டா நிலங்களினூடே பாகம் பாகமாகப் பிரிந்து போகும் கிளை வாய்க்கால்களும், வெள்ளக் காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளங்களும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதபடியால் வடிவமைப்பவர் கண்ணில் படுவதில்லை. ஊரில் நீர் பாய்ச்சும் பணியைப் பார்க்கிற மடையன் என்ற நீர்க்கட்டிக்கு அவை ஒவ்வொன்றும் தெரியும். ஆகையால் கோடு தெரிந்தவுடன் நீர்க்கட்டியையும் வயோதிக விவசாயிகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, கோடு கடக்கும் ஒவ்வொரு வாய்க்காலையும் ஓடையையும் பள்ளத்தையும் சர்வே எண்ணோடு ஒரு படத்தில் குறித்து, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகிறது, எந்த மாதத்தில், எத்தனை ஏக்கர் அதை நம்பியிருக்கிறது என்று எழுதி, ஊரார் அனைவரும் கையெழுத்திட்டு, திட்ட இயக்குநருக்கும் நீர்வளத் துறைக்கும் கலெக்டருக்கும் சேர்ப்பிக்க வேண்டும். தனி ஒருவரின் ஆட்சேபத்தைக் காட்டிலும் இத்தகைய பொதுப் படம் ஒன்றுக்கு மதிப்பு அதிகம். சிறுபாலம் ஒன்றை வரைபடத்தில் சேர்ப்பது எளிது, கட்டி முடித்த கரையை உடைத்து அதைப் பின்னால் வைப்பது ஏறக்குறைய அசாத்தியம்.

அடுத்தது நோட்டீசும் அவகாசமும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3-ஏ பிரிவின்படி நிலம் எடுக்கும் உத்தேசம் அரசிதழில் வெளியாகும். அதன் சாராம்சம் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில், ஒன்று தாய்மொழியிலாக, வெளிவர வேண்டும். அரசிதழ் அறிவிப்பின் தேதியிலிருந்து 21 நாளைக்குள் நிலக்காரர் எழுத்து மூலமாகத் தம் ஆட்சேபத்தைத் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் தர வேண்டும். நேரிலோ வக்கீல் மூலமோ விசாரணைக்கும் அவருக்கு உரிமை உண்டு. இருபத்தொரு நாள் என்பது மிகக் குறுகிய காலம். பத்திரிகையில் அந்தப் பக்கத்தை யாரும் படிக்காமலே அது கழிந்து போகக்கூடும். அதனால் அளவைக்காரரைக் கண்ட அன்றே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில், சாத்தியக்கூறு அறிக்கையையும் பரிசீலிக்கப்பட்ட மாற்றுப் பாதைகளின் படத்தையும் கேட்டு மனுப் போட வேண்டும். அதற்குப் பதில் தர அதிகாரிக்கு 30 நாள் அவகாசம் உண்டாகையால், நோட்டீஸ் வந்த பிறகு கேட்டால் பதில் வருவதற்குள் ஆட்சேப காலம் முடிந்துவிடும். 2013ஆம் வருஷத்துச் சட்டம் நேரடியாகப் பொருந்தும் கையகப்படுத்தல்களில் ஆட்சேபத்துக்கு 60 நாள் உண்டு. மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தில், ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்டு நிலக்காரருக்கு வரும் நோட்டீசிலேயே கெடு குறிக்கப்பட்டிருக்கும்.

ஆட்சேப மனுவில் ‘எங்கள் வாழ்வாதாரம் போகிறது’ என்று மட்டும் எழுதுவது மனத்தைத் தொடலாம். அதிகாரி பதில் சொல்லியே தீர வேண்டிய நிர்ப்பந்தத்தை அது உண்டாக்காது. இந்தச் சர்வே எண்ணில் இத்தனை மீட்டர் வடக்கே தள்ளினால் தரிசுப் புறம்போக்கு இருக்கிறது, இந்த இடத்தில் கோடு கோயில் குளத்தின் வரத்துக்காலை அடைக்கிறது, இந்த வளைவை இவ்வாறு மாற்றினால் பதினாறு வீடுகள் தப்பும் என்று திட்டவட்டமாக எழுதப்பட்ட ஆட்சேபத்துக்குத்தான் திட்டவட்டமான பதில் தர வேண்டியிருக்கும். நன்செய் நிலம் என்ற காரணம் மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இருபோக நிலத்தை எடுப்பதற்கு 2013ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கும் கட்டுப்பாட்டிலிருந்து சாலை, ரயில், கால்வாய் போன்ற நீள்வடிவத் திட்டங்கள் விலக்கப்பட்டிருக்கின்றன.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையின் கதை இவ்விடத்தில் ஒரு பாடமாகும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய மாவட்டங்களினூடே 277 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் பத்தாயிரம் கோடி ரூபாய்ச் செலவில் உத்தேசிக்கப்பட்ட அந்தச் சாலைக்கான அறிவிப்புகள் 2018இல் வெளிவந்தபோது விவசாயிகள் பலர் ஆட்சேபித்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8ஆம் தேதி அந்த அறிவிப்புகளை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்சநீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்று கூறி உயர்நீதிமன்றத்தின் முடிவை மாற்றியது. எனினும் ஒரு விஷயத்தில் உயர்நீதிமன்றத்தோடு அது ஒத்துப்போயிற்று: நிலம் சட்டப்படி அரசிடம் சேருவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் உடைமையாளர் பெயரை மாற்றி எழுதியது தவறு, பழைய பதிவை மீட்டுத் தர வேண்டும் என்பதே அது. 3-ஏ அறிவிப்பினால் நிலம் கைமாறிவிடுவதில்லை. நிலத்தை எடுப்பதாக அறிவிக்கும் 3-டி பிரகடனம் வெளியான பிறகே அது அரசைச் சேர்கிறது. முதல் அறிவிப்பிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அந்தப் பிரகடனம் வராவிட்டால், கோர்ட்டுத் தடையில் கழிந்த காலம் நீங்கலாக, முதல் அறிவிப்பே காலாவதியாகிறது. ஆகையால் அறிவிப்பு வந்த ஊரில் நிலக்காரர் மாதம் ஒருமுறை தம் பட்டாவை இணையத்தில் எடுத்துப் பார்த்து, பெயர் மாறியிருந்தால் உடனே தாசில்தாருக்கு எழுத வேண்டும்.

விலைக்கு வருவோம். 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின் நஷ்டஈட்டு முறையே பொருந்துகிறது. வழிகாட்டி மதிப்பு ஒருபுறம், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று வருஷங்களில் நடந்த கிரயங்களுள் அதிக விலையுள்ள பாதியின் சராசரி மறுபுறம். இவற்றில் எது கூடுதலோ அது சந்தை மதிப்பாகும். அதைக் கிராமப்புறத்தில் பட்டணத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் பெருக்கி, மரம், கிணறு, கட்டடங்களின் மதிப்பைக் கூட்டி, வந்த தொகைக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாக மேலும் சேர்க்க வேண்டும். முன்னே சொன்ன 37 சென்ட் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். சென்ட் இருபதினாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சந்தை மதிப்பு 7,40,000 ரூபாய், பெருக்கெண் 1.25 என்றால் 9,25,000. கிணறும் தென்னையும் 2,75,000 பெறுமானால் கூட்டுத்தொகை 12,00,000. ஆறுதல் தொகை சேர 24,00,000 ரூபாய். இதற்குமேல் சந்தை மதிப்புக்கு வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் முதல் அறிவிப்பிலிருந்து ஒரு தொகை உண்டு. கணக்கின் அடிப்படை எண் சிறிதானால் அதைத் தொடரும் ஒவ்வொரு எண்ணும் சிறிதாகும் என்பதை இதிலிருந்தே காணலாம். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிப்பதற்காகக் கிரயப் பத்திரத்தில் உண்மை விலையை விடக் குறைத்து எழுதும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. அந்தப் பத்திரங்களே ஒருநாள் அந்த ஊரார் அனைவரின் நிலத்துக்கும் விலை பேசும் சாட்சியாகி நிற்கின்றன. எவரோ ஒருவர் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியதன் பலனை அவருடைய அண்டை வயல்காரர்கள் லட்சக்கணக்கில் அனுபவிப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது. பதிவு அலுவலகத்தில் மூன்று வருஷக் கிரயங்களின் நகல்களைப் பெற்று, அதிக விலையுள்ளவற்றைத் தேர்ந்து, உங்கள் நிலத்தோடு அவற்றுக்குள்ள ஒற்றுமையை, சாலை முகப்பு, பாசனம், மண் ஆகியவற்றைக் காட்டி, விசாரணையில் கொடுங்கள்.

மரங்களையும் கட்டடங்களையும் மதிப்பிடுவது வெவ்வேறு துறையினரின் வேலை; கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறையும், பழமரங்களுக்குத் தோட்டக்கலைத் துறையும், காட்டு மரங்களுக்கு வனத்துறையும் சான்று தர வேண்டும். அவர்கள் வரும் நாளில் நிலக்காரர் ஊரில் இருப்பது அவசியம். வயல் பிளவுபட்டதால் மிச்ச நிலத்துக்கு நேரும் நஷ்டமும், வருமானம் குறைவதால் நேரும் நஷ்டமும், குடியிருப்பு மாறும் செலவும் சட்டத்திலேயே தனித்தனியாகச் சொல்லப்பட்டவை. கேட்காதவருக்கு அவை கிடைப்பதில்லை. வீட்டில் ஒரு பாகத்தை மட்டும் எடுக்க முற்பட்டால், 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுமாறு உடைமையாளர் கோரலாம். இடம்பெயரும் குடும்பத்துக்கு ஒரு வருஷம் மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிச் செல்ல 50,000 ரூபாய், மறுவாழ்வுத் தொகையாக 50,000 ரூபாய் என்றும், மாட்டுக் கொட்டகைக்கும் சிறு கடைக்கும் குறைந்தது 25,000 ரூபாய் என்றும் அதன் இரண்டாம் அட்டவணை கூறுகிறது.

முழுமைத் திட்டத்தில் கோடாக மட்டும் இருக்கும் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி அத்தகைய திட்டத்தை வெளியிடும்போது ஆட்சேபத்துக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலத்தை மூன்று வருஷத்துக்குள் எடுக்கப் பிரகடனமும் செய்யாமல், உடன்பாட்டின்பேரில் வாங்கவும் இல்லையென்றால், 38ஆவது பிரிவின்படி அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். இருபது வருஷமாக ஒரு கோட்டுக்குப் பயந்து வீடு கட்டாமல் இருப்பவர்கள் இந்தப் பிரிவைச் சுட்டி நகர் ஊரமைப்பு இயக்குநரகத்துக்கு மனுச் செய்யலாம்.

பணம் வாங்கும் கட்டத்தில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அதிகாரி தம் தீர்ப்பில் நிர்ணயித்த நஷ்டஈட்டுத் தொகை போதாது என்று கருதினால், ரசீதில் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதியே வாங்க வேண்டும். 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ், ஆட்சேபமின்றி வாங்கியவருக்கு அதிகத் தொகை கேட்கும் உரிமை இல்லை. அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டபோது ஆஜராயிருந்தவர் தீர்ப்புத் தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் மனுக் கொடுத்து விஷயத்தை நிலமெடுப்பு ஆணையத்துக்கு அனுப்பச் செய்ய வேண்டும். தேசிய நெடுஞ்சாலையானால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம், பெரும்பாலும் கலெக்டரிடம், மனுச் செய்ய வேண்டும். இந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின் 96ஆவது பிரிவு அவ்வாறு விலக்களித்திருப்பதை நேரடி வரிகள் வாரியம் 2016 அக்டோபரில் சுற்றறிக்கை மூலம் உறுதி செய்தது. இந்தத் தொகையில் வரி பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கடைசியாக, சாலைக்குப் போன பகுதி தனி உட்பிரிவாகி, மிச்ச நிலத்துக்குப் புதிய எண்ணுடன் பட்டா வந்துவிட்டதா, அதன் விஸ்தீரணம் சரியா, புலப்படத்தில் எல்லைக்கல் இருக்கும் இடமும் வயலில் அது நிற்கும் இடமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் ஊரைவிட்டுப் போவதற்குள் உங்கள் மிச்ச நிலத்துக்கு இறங்கும் வழியையும் சிறுபாலத்தின் வாயில் மண் அடைந்திருக்கிறதா என்பதையும் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் நேரில் போய்ப் பார்த்து, குறையிருந்தால் அன்றே திட்ட அலுவலகத்துக்கு எழுதி, ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.